நீம் நகரத்தில் இரண்டு நாள்: நீர் வந்த வழியே ஒரு நடை

தெற்கு பிரான்ஸில் ரோமானியர் கல் வைத்த ஊர்களுக்குக் குறைவில்லை. ஆர்ல், ஒரான்ஜ் என்று வரிசையாகச் சொல்லலாம். முதல் தடவை போகிறீர்கள், ஒரே ஓர் ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் நீம் என்றுதான் சொல்வேன். கூரையோடு நிற்கும் கோயில் ஒன்று, இன்றும் கூட்டம் நிரம்பும் வட்டரங்கம் ஒன்று, மலைமேல் ஒரு கோபுரம், எல்லாமே நடை தூரத்தில். பெயரை (Nîmes) ‘நீம்’ என்று சொன்னால் போதும். எழுத்தில் கடைசியில் இருப்பது வாயில் வராது. வேப்பமரத்துக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

பெரும்பாலானவர்கள் அவிஞோனிலிருந்தோ மொன்பெலியேயிலிருந்தோ காலையில் ரயிலில் வந்து, அரங்கத்தைச் சுற்றிவிட்டு, கோயில் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் போனேன். வீட்டுக்கு வந்தபின் யோசித்தால், இரண்டு பெரிய கட்டடங்கள் பார்த்த நினைவுதான் இருந்தது, ஊர் மனதில் நிற்கவில்லை. அடுத்த முறை வரிசையை மாற்றினேன். இந்த ஊர் ஓர் ஊற்றைச் சுற்றிப் பிறந்தது. ஊற்று போதாமல் போனபோது 50 கிலோமீட்டர் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதனால் முதலில் ஊற்று, அடுத்து தண்ணீர் வந்து விழுந்த தொட்டி, பிறகு கோயிலும் அரங்கமும், மறுநாள் அந்தத் தண்ணீரைச் சுமந்த பாலம். இந்த வரிசையில் போனால் ஒவ்வொன்றும் அடுத்ததை விளக்கும். கீழே இருப்பது அந்தத் திட்டம்தான்.

எப்போது போவது

ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் கடைசி. ஜூலை, ஆகஸ்டில் போனால் வெயிலைப் பற்றித்தான் வீட்டுக்கு வந்து பேசுவீர்கள். 2019 ஜூன் 28 அன்று பிரான்ஸில் முதன்முறையாக 46 பாகை வெப்பம் பதிவானது. அந்த இடம் நீமிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். சென்னை வெயில் பழகியவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இங்கே பல பழைய வீடுகளிலும் சிறிய விடுதிகளிலும் ஏசி கிடையாது. அறை பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இலையுதிர் காலத்தில் வேறொரு தொல்லை உண்டு. கடல் காற்று செவென் மலைத்தொடரில் மோதிக் கொட்டும் மழை சில மணி நேரத்தில் தெருவை ஆறாக்கிவிடும். 1988 அக்டோபர் 3 அன்று அப்படி வந்த வெள்ளத்தில் இந்த ஊரில் உயிர்களே போயின. செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்கள் பிரான்ஸ் வானிலைத் துறையின் எச்சரிக்கை வரைபடத்தைத் தினமும் பாருங்கள். ஆரஞ்சு என்றால் ஆற்றங்கரைப் பக்கம் போக வேண்டாம். சிவப்பு என்றால் அறையிலேயே இருங்கள்.

இன்னொன்று, ‘ஃபெரியா’. பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி ஒன்று, செப்டம்பரில் திராட்சை அறுவடையை ஒட்டி ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு திருவிழாக்கள். தெருவெல்லாம் இசை, குடி, கூட்டம். அரங்கத்துக்குள் ஸ்பானிய பாணி காளைப் போர் நடக்கும், காளையைக் கொல்வதுவரை. ஊரிலேயே இதை உயிராக நினைப்பவர்களும் இருக்கிறார்கள், நிறுத்தச் சொல்லிப் போராடுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் நிலைப்பாடு எதுவானாலும் ஒரு விஷயம் நிச்சயம்: அந்த நாள்களில் அறை வாடகை எகிறும், அரங்கத்தைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்க்கவும் முடியாது. கட்டடம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தேதியைத் தள்ளி வையுங்கள்.

விசா, ரயில், இரண்டு நிலையங்கள்

இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாவில் சொல்ல இவ்வளவுதான், மற்றது எல்லாம் எந்த ஐரோப்பியப் பயணத்துக்கும் பொதுவானது.

பாரிஸிலிருந்து அதிவேக ரயில் ‘கார் து லியோன்’ நிலையத்தில் கிளம்பும். சுமார் மூன்று மணி நேரம். லா ஷப்பேலில் தமிழ்க் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், பக்கத்திலுள்ள ‘கார் து நோர்’ நிலையத்தில் ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் வண்டியைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தமே கார் து லியோன். பயணச்சீட்டை எவ்வளவு முன்னால் வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவு. கடைசி வாரத்தில் வாங்கினால் அதே இருக்கைக்கு இரண்டு மூன்று மடங்குகூடக் கொடுக்க நேரும். மலிவு விலை ரயிலில் பெட்டியின் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு, பதிவு செய்யும்போதே படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கவனமாகப் படியுங்கள். நீமுக்கு இரண்டு ரயில் நிலையங்கள். ஒன்று ஊருக்கு நடுவில் இருக்கும் ‘நீம் சாந்த்ர்’. இன்னொன்று 2019 டிசம்பரில் திறந்த ‘நீம் போன் து கார்’. இது ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வயல்களுக்கு நடுவே இருக்கிறது. பெயரில் போன் து கார் பாலம் இருப்பதால் இறங்கியவுடன் பாலத்தைப் பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பாலம் அங்கிருந்தும் தூரம்தான். (தமிழில் எழுதும்போது குழப்பம் இரட்டிப்பு. நிலையமும் ‘கார்’, ஆற்றின் பெயரும் ‘கார்’.) நீம் சாந்த்ர் என்று போட்ட சீட்டாகப் பார்த்து வாங்குங்கள். வேறு வழியில்லாமல் மற்றதில் இறங்க நேர்ந்தால், அங்கிருந்து ஊருக்குள் வட்டார ரயில் இருக்கிறது, பத்து நிமிடம்.

நீம் சாந்த்ரில் தண்டவாளம் மேலே, வாசல் கீழே. வெளியே வந்தால் எதிரில் நேராக ஓடும் ஃபொஷேர் நிழற்சாலை. இருபுறமும் மரம், கூடவே ஒரு கல் வாய்க்கால். அப்படியே நடந்தால் முடிவில் ஒரு பெரிய நீரூற்றுச் சிற்பம் வரும். நடுவில் நிற்கும் பெண்தான் நீம் நகரம். தலையில் கிரீடமாக அரங்கத்தையும் கோயிலையும் சூடியிருக்கிறாள். 1851இல் பிராதியே என்ற சிற்பி செய்தது. அவளுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ என்று தேடவே வேண்டாம், அரங்கம் தானாகக் கண்ணில் படும். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை.

தங்குவதற்கு, நிலையத்துக்கும் அரங்கத்துக்கும் இடைப்பட்ட தெருக்களோ, ‘எக்யுசோன்’ என்று சொல்லும் பழைய நகரமோ சரியாக இருக்கும். எங்கும் பேருந்து தேவைப்படாது. பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பழைய நகரத்துக்குள் கல் பாவிய தெரு, சக்கரம் பாடாய்ப் படும்.

முதல் நாள் காலை: ஊற்றிலிருந்து தொடங்குங்கள்

அரங்கத்தைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள், உள்ளே போகக் கை அரிக்கும். போகாதீர்கள், அது சாயங்காலத்துக்கு. காலை எட்டு, எட்டரைக்கு மேற்கே நடந்து ‘ஜார்தான் த லா ஃபோந்தேன்’ பூங்காவுக்கு வந்துவிடுங்கள். கட்டணம் இல்லை.

படிக்கட்டு, கல் கைப்பிடி, சிலைகள் என்று அரண்மனைத் தோட்டம் போல இருக்கும். அதெல்லாம் 18ஆம் நூற்றாண்டு வேலை. துணிக்குச் சாயம் தோய்ப்பவர்களுக்கும் ஊருக்கும் தண்ணீர் போதவில்லை என்று ஊற்றைத் தூர்வாரப் போனபோது அடியில் ரோமானியக் கட்டுமானங்கள் கிளம்பின. 1745 முதல் மரெஷால் என்ற ராணுவப் பொறியாளர் அவற்றின் மேல் இந்தப் பூங்காவை அமைத்தார். பிரான்ஸில் மன்னருக்கு என்றில்லாமல் பொதுமக்களுக்கு என்றே போட்ட முதல் பூங்காக்களில் இது ஒன்று. மலையடியில் பச்சையாகத் தேங்கி நிற்கும் நீரைத் தேடிப் போங்கள். அதுதான் ஊற்று. ரோமானியர் வருவதற்கு முன்பே இங்கிருந்த கெல்ட்டியர் இந்த ஊற்றை நெமௌசுஸ் என்ற தெய்வமாகக் கும்பிட்டார்கள். ஊரின் பெயரே அந்தத் தெய்வத்தின் பெயர்தான், தேய்ந்து நீம் ஆகிவிட்டது. ரோமானியர் தெய்வத்தைத் துரத்தவில்லை. பக்கத்திலேயே தங்கள் பேரரசருக்கும் ஓர் இடம் பிடித்துக்கொண்டார்கள்.

ஊற்றுக்கு இடப்பக்கம் பாதி இடிந்த கட்டடம் ஒன்று. ‘டயானா கோயில்’ என்று பலகை சொல்லும். டயானாவுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை. கோயில்தானா என்றே ஆய்வாளர்களுக்குச் சந்தேகம், நூலகமாக இருந்திருக்கலாம் என்போரும் உண்டு. இடைக்காலத்தில் கன்னியர் மடமாக இருந்து, 1577இல் மதப்போரில் நாசமானது. உள்ளே போய்ச் சுவரைத் தொடும் தூரத்தில் நின்று பாருங்கள். பழைய காலக் கொத்தர்கள் ஊர் ஊராகப் போய் வேலை கற்றபோது செதுக்கிவிட்டுப் போன பெயர்களும் கருவிச் சின்னங்களும் இருக்கும். சுவரில் பெயர் எழுதும் ஆசை இன்று நேற்றைய வியாதி இல்லை.

அப்புறம் மலையேற்றம். பைன் மர நிழலில் பதினைந்து நிமிடம் மேலே நடந்தால் ‘தூர் மாஞ்’ கோபுரம். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், ஏறக்குறைய பொ.ஆ.மு. (கி.மு.) 15இல், ஊரைச் சுற்றி ஆறு கிலோமீட்டருக்கும் குறையாத மதில் எழுப்பினார்கள். அந்த மதிலில் மிக உயரமான கோபுரம் இதுதான். இன்று 32 மீட்டர் நிற்கிறது, மேல் தளம் போய்விட்டது. கோபுரம் இவ்வளவு மெலிந்து நிற்பதற்கு ஒரு கதை இருக்கிறது. வருங்காலம் சொல்லிப் பேர் பெற்ற நாஸ்திரதாமஸின் வரி ஒன்றில் புதையல் குறிப்பு இருக்கிறது என்று நம்பி, திரௌக்கா என்ற தோட்டக்காரர் 1601இல் நான்காம் ஹென்றி மன்னரிடம் அனுமதி வாங்கி உள்ளே தோண்டத் தொடங்கினார். கிடைப்பதில் பெரும்பங்கு மன்னருக்கு, செலவு முழுக்கத் தோட்டக்காரருக்கு. புதையல் கிடைக்கவில்லை, கோபுரம் உள்ளீடற்றதாக ஆனதுதான் மிச்சம். அந்த வெற்றிடத்துக்குள்தான் இப்போது நீங்கள் 140 படி ஏறப்போகிறீர்கள். சுருள் படி, முடிவில் நிற்கும் இடம் சின்னது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே மர நிழலில் உட்காரலாம், காட்சி அங்கிருந்தும் மோசமில்லை. வானம் தெளிந்த நாளில் வடகிழக்கே வோந்தூ மலை தெரியும்.

இங்கே சீட்டு வாங்கும்போது கோபுரம், கோயில், அரங்கம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டாகக் கேளுங்கள். தனித்தனியாக வாங்குவதைவிட நன்றாகவே மிச்சமாகும். ஒரே நாளில் முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

யாரும் நிற்காத ஒரு தொட்டி

மலையிலிருந்து பூங்கா வழியே திரும்பாமல் கிழக்குப் பக்கமாக இறங்குங்கள். கைபேசி வரைபடத்தில் ‘காஸ்தெல்லும்’ என்று போட்டால் லாம்பேஸ் தெருவுக்குக் கூட்டிப்போகும். வீடுகளுக்கு நடுவே, கம்பி வேலிக்குள், தரை மட்டத்தில் ஒரு வட்டத் தொட்டி. காவலாள் இல்லை, சீட்டு இல்லை, பெரும்பாலும் ஆளே இல்லை. சுற்றுலாப் பேருந்துகள் இந்தப் பக்கம் வருவதில்லை. என்னைக் கேட்டால் நீமில் தவறவிடக் கூடாத இடம் இதுதான்.

ஊற்று நீர் போதாமல், முதலாம் நூற்றாண்டில் ரோமானியர் ஊஸேஸ் ஊருக்கு அருகிலுள்ள யூர் ஊற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர்தான். மலையும் பள்ளமும் குறுக்கே கிடந்ததால் வளைந்து வளைந்து 50 கிலோமீட்டர் ஆனது. தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் உயர வித்தியாசம் வெறும் 12 மீட்டர் சொச்சம். அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 சென்டிமீட்டர் சரிவு, நம் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு தாண்டிக் கொஞ்சம். மோட்டார் இல்லை, எந்திரம் இல்லை. தண்ணீர் தானாக நடந்து வந்து இந்தத் தொட்டியில் விழுந்தது.

தொட்டி ஐந்தரை மீட்டர் அகலம், ஆழம் ஒன்றரை மீட்டருக்குள். பின்சுவரில் சதுர வாய் தெரிகிறதே, அதுதான் வாய்க்காலின் கடைசிப் புள்ளி. எதிரே வட்டச் சுவரில் வரிசையாகப் பத்துத் துளைகள். ஈயக் குழாய்கள் பொருத்திய இடம். ஒவ்வொரு குழாயும் ஊரின் ஒவ்வொரு திசைக்கு, குளியல் மண்டபத்துக்கு, தெரு நீரூற்றுக்கு என்று போனது. தரையில் மூன்று துளைகள் இருக்கின்றன, அவை தொட்டியைக் கழுவி விடுவதற்கு. ஏரி மதகைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. 1844இல்தான் இது மண்ணுக்கு அடியிலிருந்து வெளிப்பட்டது. இந்த அளவு முழுமையாக மிஞ்சிய ரோமானியப் பகிர்வுத் தொட்டி என்று பார்த்தால், இதற்கு இணையாக இத்தாலியின் பொம்பேயியில் இருப்பதைத்தான் சொல்வார்கள்.

மதியத்துக்குள் சந்தை

‘லே ஆல்’ என்ற உள்சந்தை மதியம் ஒரு மணி வாக்கில் கடையைக் கட்டிவிடும். தொட்டியிலிருந்து பத்து நிமிடம். பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள்.

ஊரின் பெயர் பெற்ற உணவு ‘பிரான்தாத்’. உப்புக்கண்டமான காட் மீனை ஊறவைத்து, ஆலிவ் எண்ணெயும் பாலும் விட்டுக் குழைத்து மசித்தது. கடலில்லாத ஊரில் வடகடல் மீன் எப்படி என்றால், பக்கத்து எக்-மோர்த் உப்பளத்து உப்புக்காக வந்த வணிகம் கொண்டுவந்தது என்பார்கள். ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம். கருவாடு பழகிய நாக்குக்கு இது மிகச் சாது. ‘பெத்தி பாத்தே’ என்று உள்ளங்கையில் அடங்கும் சூடான பணியாரம் போன்ற ஒன்று கிடைக்கும். உள்ளே கன்றிறைச்சியும் பன்றியிறைச்சியும் இருக்கும், மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடாதவர்கள் தெரிந்து ஒதுங்குங்கள்.

சைவர்களுக்குப் பட்டினி இல்லை, கவனம் மட்டும் வேண்டும். பச்சை நிறப் பிக்கோலின் ஆலிவ், பெலார்தோன் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ரொட்டி, தக்காளி, பழம் வாங்கினால் பூங்காவில் உட்கார்ந்து நல்ல சாப்பாடு. ஆலிவை அரைத்த ‘தப்பனாத்’ பார்க்கத் துவையல் மாதிரியே இருக்கும், அதில் நெத்திலி சேர்ப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உணவகத்தில் உட்காருவதானால் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள். ஒருமுறை இரண்டே முக்காலுக்கு ஒரு கடையில் நுழைந்தேன். நாற்காலியை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அன்று மதியச் சாப்பாடு பிஸ்கட். இரவு ஏழரைக்கு முன் சமையலறை திறக்காது. ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றால் ‘உய்ன் கராஃப் தோ’ என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் குடுவையில் இலவசமாக வரும். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் வார்த்தை ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்கும், சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கோயிலும் இரண்டு பையன்களும்

சந்தையிலிருந்து ஐந்து நிமிடத்தில் ‘மெசோன் கரே’. பெயருக்குச் ‘சதுர வீடு’ என்று பொருள், வடிவம் நீள்சதுரம். பழைய பிரெஞ்சில் மூலை நேராக இருந்தால் எல்லாமே ‘கரே’தான். இரண்டாயிரம் ஆண்டுக் கட்டடத்துக்கு எல்லாத் தூணும், சுவரும், முகப்பும் அப்படியே இருப்பதற்குக் காரணம், யாரும் அதைச் சும்மா விடவில்லை. நகர மன்றம், குதிரை லாயம், மாதா கோயில், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் என்று ஏதாவது ஒன்றாக இருந்துகொண்டே இருந்தது. 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் இதை நேரில் பார்ப்பதற்கு முன்பே, இதன் வடிவத்தை வைத்து வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டு அனுப்பிவிட்டார். 1787இல் வந்து பார்த்தபோது மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே நின்றதாகக் கடிதம் எழுதினார்.

முகப்பை அண்ணாந்து பாருங்கள். தூண்களுக்கு மேல் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். அங்கே வெண்கல எழுத்துகள் பதித்திருந்தார்கள். எழுத்து போய்விட்டது, ஆணி அடித்த ஓட்டை நின்றுவிட்டது. அந்த ஓட்டைகளின் அமைப்பை மட்டும் வைத்து 1758இல் செகியே என்ற உள்ளூர் அறிஞர் வாசகத்தைப் படித்துவிட்டார். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், அவர் மகன்களாகத் தத்தெடுத்தவர்கள், கையுஸ், லூக்கியுஸ் இருவருக்கும் காணிக்கை என்பது வாசகம். ‘இளைஞர்களின் தலைவர்கள்’ என்று பட்டம் கொடுத்திருக்கிறது. இருவருமே அரியணை ஏறாமல் இளம் வயதில் இறந்துபோனார்கள்.

இந்தப் பையன்களை நமக்கும் தெரியும். தமிழ்நாட்டில், குறிப்பாகக் கோவை வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் அடிக்கடி வரும் ஒரு வகை இருக்கிறது: ஒரு பக்கம் அகஸ்டஸ் தலை, மறுபக்கம் கேடயமும் ஈட்டியும் பிடித்து நிற்கும் இரண்டு இளைஞர்கள். அவர்கள் இவர்களேதான், பட்டமும் அதேதான். அந்தக் காசு அச்சிட்டது நீமுக்கு வடக்கே, இன்றைய லியோனில். மிளகுக்கும் பச்சைக்கல்லுக்கும் விலையாகக் கடல் கடந்து வந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ரோமானியக் காசுகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்து நின்றால் அந்த ஓட்டைகள் வேறு மாதிரி தெரியும்.

கோயிலுக்குள் இப்போது படம் காட்டுகிறார்கள், சுமார் ரகம். மூன்று சீட்டும் சேர்த்து வாங்கியிருந்தால் வெயிலுக்கு ஒதுங்கப் போகலாம். எதிரே கண்ணாடியும் மெல்லிய உலோகத் தூண்களுமாக நிற்பது ‘கரே தார்’, நார்மன் ஃபோஸ்டர் வடிவமைத்து 1993இல் திறந்தது. நவீனக் கலைக்கூடமும் நூலகமும்.

நடக்கும்போது கால் அடியையும் பாருங்கள். தெருவில் பதித்த பித்தளைக் குமிழ்களில் பனைமரத்தில் சங்கிலி கட்டிய முதலை இருக்கும். கடை, பேருந்து, குப்பைத்தொட்டி எல்லாவற்றிலும் இந்த முதலைதான், ஊரின் சின்னம். இங்கே முதலை ஏது? பொ.ஆ.மு. 31இல் ஆக்டியும் கடற்போரில் எகிப்து அரசி கிளியோபாட்ராவின் படையை வென்று எகிப்தைப் பிடித்ததைக் கொண்டாட நீமில் ஒரு காசு அடித்தார்கள். கட்டுண்ட முதலை, கட்டுண்ட எகிப்து. எகிப்து கைக்கு வந்ததால்தான் செங்கடல் வழியாக ரோமானியக் கப்பல்கள் நம் கரைக்குப் பெருவாரியாக வரத் தொடங்கின என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிற்பகல் அருங்காட்சியகம், சாயங்காலம் அரங்கம்

இரண்டு மணியிலிருந்து நாலரை வரை வெளியே திரிய வேண்டாம். அரங்கத்துக்கு எதிரிலேயே 2018இல் திறந்த ரோமானிய அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிச் சதுரங்களைக் கோத்து மடிப்பு விழுந்த துணிபோல முகப்பு, உள்ளே குளுகுளு. 2006, 2007இல் வண்டி நிறுத்துமிடத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த பென்தேயுஸ் மொசைக் தரையை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். பெற்ற தாயே வெறியில் மகனைக் கொல்லும் கிரேக்கக் கதை, ஒரு பணக்காரர் வீட்டு வரவேற்பறைத் தரையில். விருந்தாளிகள் என்ன நினைத்திருப்பார்களோ. சீட்டு வாங்க மனமில்லாதவர்கள் மொட்டைமாடிக்கு மட்டும் ஏறலாம், அது இலவசம். அரங்கத்தின் முழு வளைவும் அங்கிருந்துதான் படத்தில் அடங்கும்.

வெயில் சாய்ந்ததும் அரங்கம். மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நுழைந்தால் சரியாக இருக்கும். மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், ஜூன் ஜூலையில் இசை நிகழ்ச்சிகளுக்காக உள்ளே மேடையும் இரும்பு இருக்கைகளும் போட்டிருப்பார்கள். முதல் நாளே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலி வழிகாட்டிக் கருவியைக் கேட்டு வாங்குங்கள், ஆங்கிலத்தில் இருக்கிறது.

133 மீட்டர் நீளம், 101 மீட்டர் அகலம், 21 மீட்டர் உயரம். அடுக்குக்கு 60 வளைவுகளாக இரண்டு அடுக்கு. இருபத்துநாலாயிரம் பேர் உட்காரலாம். ரோமில் இருப்பது இதைவிடப் பெரியது, இது அதைவிட முழுசு. உள்ளே நுழைந்ததும் நேராக மேலே ஓடாமல், முதலில் கீழ்த்தள வளைவு நடையில் ஒரு சுற்று வாருங்கள். படிக்கட்டுகள் எப்படிப் பிரிந்து பிரிந்து போகின்றன என்று கவனியுங்கள். பிரபுக்கள் களத்தை ஒட்டி, அடிமைகளும் பெண்களும் உச்சியில். ஒருவரோடு ஒருவர் வழியில் முட்டிக்கொள்ளாதபடி பாதையையே பிரித்திருக்கிறார்கள். சாதி பார்த்துக் கட்டிய படிக்கட்டு என்றே சொல்லலாம்.

ரோம் விழுந்தபின் விசிகோத்தியர் என்ற ஜெர்மானியக் குடியினர் இதைக் கோட்டையாக்கினார்கள். பிறகு மக்கள் உள்ளே குடியேறி, வீடு கட்டி, தேவாலயம் கட்டி, தனி ஊராகவே வாழ்ந்தார்கள். ஒரு கட்டத்தில் எழுநூறு பேர் வரை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வீடுகளை எல்லாம் அப்புறப்படுத்தி முடித்தார்கள். மேல் படிகள் செங்குத்து, கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். உச்சியில் கல் தேன்நிறமாக மாறும் நேரம் வரும், அதற்காகத்தான் சாயங்காலம் என்றேன்.

இரண்டாம் நாள்: பாலம்

ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் பேருந்து நிலையம். போன் து கார் போகும் வட்டாரப் பேருந்து அங்கே கிளம்பும், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். ஓட்டுநரிடமே சீட்டு வாங்கலாம், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். ஞாயிறு, விடுமுறை நாளில் இன்னும் குறைவு. பாலத்தின் வாசலிலேயே நிற்காது, சாலை வட்டத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கொஞ்சம் நடை. கட்டண விவரத்தை முன்னாலேயே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடக்கரை வாசலில் அருங்காட்சியகம் இருக்கிறது. வாய்க்கால் வெட்டியது, மட்டம் பார்த்தது, கல் தூக்கியது எல்லாவற்றையும் விளக்கியிருப்பார்கள். முதலில் அதற்குள் ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டுப் பாலத்துக்குப் போனால் கண் தெளிவாக இருக்கும்.

மூன்று அடுக்கு, ஏறத்தாழ 49 மீட்டர் உயரம். கீழே 6 வளைவு, நடுவில் 11, உச்சியில் சின்ன வளைவுகள் வரிசையாக. கீழ் இரண்டு அடுக்கிலும் சாந்து கிடையாது, கல்லின் எடையே கல்லைப் பிடித்திருக்கிறது. சுவரில் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும் கற்கள் சாரம் தாங்கவென்று விட்டவை. வேலை முடிந்ததும் செதுக்கி மழமழப்பாக்க யாருக்கும் நேரமில்லை போலும், அல்லது அடுத்த பழுது வேலைக்குத் தேவைப்படும் என்று நினைத்திருப்பார்கள். இவ்வளவும் எதற்கு? உச்சியில் ஓடும் ஓர் ஆள் உயர வாய்க்காலுக்காக. நேற்று பார்த்தீர்களே அந்தத் தொட்டி, அதன் சதுர வாய்க்குள் தண்ணீர் விழ வேண்டும் என்பதற்காக. சுற்றுலாப் பருவத்தில் வழிகாட்டியோடு அந்த வாய்க்காலுக்குள்ளேயே நடக்க விடுவார்கள், முன்பதிவு வேண்டும். பக்கச் சுவரில் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்து வழியையே குறுக்கியிருப்பதைப் பார்க்கலாம். யூர் ஊற்றின் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம்; பேரரசு தளர்ந்து சுரண்டி எடுக்க ஆளில்லாமல் போனதும் வாய்க்கால் மெல்ல அடைத்துக்கொண்டது.

நீங்கள் நடக்கும் சாலைப்பாலம் ரோமானியருடையது இல்லை. 1740களில் பழைய பாலத்தோடு ஒட்டிக் கட்டியது. அதனால் பாலத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் சாலைப்பாலம் இல்லாத பக்கம், ஆற்றின் மேல்போக்கில் போய் நில்லுங்கள். வலக்கரையில் ஒரு மேட்டுப்பாதை மேலே ஏறும், அங்கிருந்து உச்சி அடுக்கு கண் மட்டத்தில் வரும்.

கீழே கார்தோன் ஆறு (‘கார்’ என்பதும் இதுதான்) கூழாங்கல் கரையோடு ஓடும். கோடையில் ஊர்க்காரர்கள் நீந்துவார்கள், மேலே கோலியாஸ் ஊரிலிருந்து படகு வாடகைக்கு எடுத்துப் பாலத்துக்கு அடியில் துடுப்புப் போட்டு வரலாம். கல் சூடு ஏறும், ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் தாளை இறங்கியவுடனே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டு உட்காருங்கள்.